சான் ஹுவானில் தூண்டில்: உப்பங்கழித் தார்ப்பனிலிருந்து ஆழ்கடல் மார்லின் வரை முழுமையான வழிகாட்டி

போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உப்பங்கழி; அதில் தார்ப்பன் மீன்கள் வருடம் முழுக்கக் கிடக்கின்றன. நகரின் வடக்கே துறைமுக வாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடலடி சரிந்து விழுந்து ஆழ்கடல் வந்துவிடும். அதில் கொம்பு மூக்கு நீண்ட பெரிய மீனான நீல மார்லின். ஒரே அறையில் தங்கி, இரண்டு காலைப் பொழுதுகளில் இரண்டையும் தேடிப் போகலாம். தூண்டில் கம்பைப் பிடித்தே பழகாதவரும் போகலாம்.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் நேராக ஆழ்கடல் படகைப் பதிவு செய்கிறார்கள். மார்லின் என்ற பெயருக்கு அப்படியொரு ஈர்ப்பு. ஆனால் முதல் நாள் உப்பங்கழிக்குப் போங்கள், ஆழ்கடல் இரண்டாம் நாள் இருக்கட்டும். பெரிய படகில் இரை கட்டுவது, நரம்பை, அதாவது தூண்டில் இழையை விடுவது, மீனைக் கூப்பிடுவது எல்லாமே படகு ஆட்கள் கையில். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ரீலைச் சுற்றுவீர்கள், அவ்வளவுதான். உப்பங்கழியில் மீன் புரளுவதைப் பார்ப்பது, எறிவது, காத்திருப்பது, இழுப்பது, கடைசியில் விடுவது எல்லாம் உங்கள் கை வேலை. அங்கே கை பழகிய பிறகு கடலுக்குப் போனால் அந்தக் காசுக்கும் அர்த்தம் இருக்கும்.

இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சான் ஹுவான் என்றதும் பழைய கோட்டைகளும் கடற்கரை ஹோட்டல்களும்தான் நினைவுக்கு வரும். தூண்டில்காரருக்கு முக்கியமானது நகரத்தின் முதுகுப் பக்கம். அங்கே சான் ஹொசே, லா தொரெசில்யா, பின்யோனெஸ் என்று வரிசையாக உப்பங்கழிகள் கிடக்கின்றன. சான் ஹொசேயையும் தொரெசில்யாவையும் சுவாரெஸ் கால்வாய் இணைக்கிறது. மேற்கே மார்ட்டின் பென்யா கால்வாய் துறைமுகம் வரை போகிறது. கிழக்கே போக்கா தெ கங்க்ரேஹோஸ் என்ற முகத்துவாரம் வழியாக எல்லாம் கடலோடு கலக்கின்றன. கரையெல்லாம் அலையாத்தி மரங்கள். மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கியபடி போகும். கீழே தார்ப்பன் வாலடிக்கும்.

தண்ணீர் தெளிவாக இருக்காது, தேநீர் நிறத்தில் கிடக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். குஞ்சுத் தார்ப்பன்களுக்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் தாய்வீடு. ஆக்சிஜன் குறைந்த கலங்கல் நீரில் மற்ற பெரிய மீன்கள் திணறும். தார்ப்பன் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். அதன் காற்றுப்பை நுரையீரல் போல வேலை செய்யும். எதிரி வர முடியாத இடத்தில் குஞ்சுகள் வளர்ந்துவிடுகின்றன. அலையாத்தியை வெட்டினால் தார்ப்பன் போய்விடும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

வடக்குப் பக்கம் வேறு உலகம். தீவின் வடகரையில் கண்டத்திட்டு மிகக் குறுகலானது. இன்னும் வடக்கே போனால் அட்லாண்டிக்கிலேயே மிக ஆழமான போர்ட்டோ ரிக்கோ அகழி, சுமார் 8,400 மீட்டர். மார்லினுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எல் மோரோ கோட்டையைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே கேப்டன் இரையை இறக்கச் சொல்லிவிடுவார். வேறு பல கடற்கரைகளில் ஆழ்கடலுக்குப் போய்ச் சேரவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும்; இங்கே அரை நாள் படகே போதுமானது.

எந்த மாதம் போவது

தார்ப்பனுக்கு மாதக் கணக்கே வேண்டாம். எப்போது போனாலும் இருக்கும்.

ஆழ்கடலுக்கு மட்டும் கணக்கு உண்டு. நீல மார்லினுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை. சான் ஹுவானின் நாட்டிகோ கிளப் 1950களிலிருந்து நடத்திவரும் சர்வதேச மார்லின் போட்டியும் அந்தப் பருவத்தை ஒட்டியே வரும். நவம்பருக்குப் பிறகு டொராடோ என்று அங்கே அழைக்கும் மாகி-மாகி கூட்டமாக வரும். வசந்தம் வரை கிடைக்கும். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான வாகூவும், மயில் மீனும் குளிர்காலத்தில்தான் அதிகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மார்லின் பருவமும் புயல் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. ஜூன் தொடங்கி நவம்பர் முடிய அட்லாண்டிக் புயல் காலம். குளிர்காலத்திலோ வடக்கிலிருந்து பெரிய அலைகள் வந்து துறைமுக வாயிலையே புரட்டும். எந்த மாதம் போனாலும் கடல் படகுக்கு ஒரு மாற்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட மீன் வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. மார்லின்தான் வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர்.

பயணமும் தாள்களும்

போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் நேராகப் போகிறவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஏற்கெனவே அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது உள்நாட்டு விமானம். மியாமியிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம், நியூயார்க்கிலிருந்து நாலு மணி நேரம். உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் விசாத் தாள்களைக் கேட்பதுண்டு. செலவு டாலரில். பேச்சு ஸ்பானிஷ், ஆனால் படகு ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார்கள். மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்: தார்ப்பன் சாபலோ, கொடுவாவின் சாயலில் இருக்கும் ஸ்னூக் ரோபாலோ, நீல மார்லின் அகுஹா அசுல்.

படகு பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

உப்பங்கழிக்குத் தட்டையான சிறு படகு, இரண்டு மூன்று பேர்தான் ஏற முடியும், நாலு மணி நேரப் பயணம். கடலுக்கு மேல்தளம் வைத்த பெரிய படகு, ஆறு பேர் வரை. அரை நாள், முழு நாள் என்று இரண்டு வகை.

விலை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டாதீர்கள். தூண்டில், இரை, ஐஸ், தண்ணீர் எல்லாம் அந்த விலைக்குள் அடக்கமா? காற்றோ அலையோ சரியில்லை என்று கேப்டன் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா? பிடிக்கும் மீன் யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சில படகுகளில் மீன் படகுக்காரருக்கு, உங்களுக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் வெட்டித் தருவார்கள். அது தப்பில்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனக்கசப்பு வராது.

இன்னொன்று, உங்கள் குழுவில் தூண்டிலே பிடிக்காதவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். நல்ல கேப்டன் அதற்கேற்ற கம்பு எடுத்து வைப்பார், கூட்டம் குறைந்த மூலைக்குக் கூட்டிப் போவார். சொன்னதும் அவர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்டால் சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாடகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். கடல் படகில் கேப்டனோடு உதவியாளர் ஒருவர் இருப்பார், அவரை மேட் என்பார்கள். நாள் முழுக்க ஓடி ஓடி உழைப்பவர் அவர்தான். டிப்ஸை அவர் கையில் கொடுங்கள்.

பையில் என்னென்ன

கண்டிப்பாக வேண்டியது போலரைஸ்டு கண்ணாடி. சாதாரணக் கூலிங் கிளாஸில் தண்ணீரின் மினுக்கம்தான் தெரியும். இதைப் போட்டால் தண்ணீருக்குள் நகரும் நிழல் தெரியும். கண்ணுக்குள் தூண்டில் முள் பாயாமலும் காக்கும். அப்புறம் முழுக்கைச் சட்டை, தொப்பி, தளத்தில் கறை படியாத மெல்லிய அடியுள்ள செருப்பு. சன்ஸ்கிரீன் தடவிய கையோடு இரையைத் தொடாதீர்கள், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

அலையாத்திக் கரையில் விடியலிலும் அந்தியிலும் மிமே என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிக்கும், கொசுவும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் 2024 மார்ச்சில் டெங்குப் பரவல் அறிவிக்கப்பட்டது. ஆகவே கொசு மருந்து அலங்காரப் பொருள் இல்லை. மருந்து தடவிய கை நரம்பிலும் படக் கூடாது. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

வாழைப்பழம் எடுத்துப் போகாதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் மாட்டாது என்பது கடல்காரர்களின் பழைய நம்பிக்கை. நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அது அவருடைய படகு.

முதல் நாள்: தார்ப்பன்

விடியுமுன் படகடிக்குப் போய்விடுங்கள். இங்கே காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் கொண்டல் காற்று எழுந்துவிடும். உப்பங்கழியில் சிற்றலை எழுந்தால் மீன் புரளுவது கண்ணுக்குத் தெரியாது.

முதல் வேலை இரை பிடிப்பது. கேப்டன் முனையில் நின்று வீச்சு வலையை விரிப்பார். சார்டின் குஞ்சுகள் வெள்ளி வெள்ளியாக வந்து விழும். அவற்றை உயிரோடு தொட்டியில் விடுவார்கள். இரை கிடைக்க நேரமானால் பொறுமை காட்டுங்கள். உயிர் இரை நிறைய இருந்தால் நாளில் பாதி வேலை முடிந்தது.

கம்பு நடுத்தரக் கனம், சுழல் ரீல், 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய) நரம்பு. அதன் நுனியில், முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பாக, 60 முதல் 80 பவுண்டு தடிமனான ஃப்ளோரோகார்பன் லீடர். லீடர் ஏன் தடிமன் என்றால், தார்ப்பனுக்குக் கூரிய பெரிய பல் இல்லை, ஆனால் அதன் உதடு அரம் போலச் சொரசொரப்பானது. நரம்பு தேய்ந்தே அறுந்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் உடனே மாற்றச் சொல்லுங்கள். முள் வட்ட முள், அதாவது நுனி உள்நோக்கி வளைந்தது. அளவு 5/0 முதல் 7/0 வரை.

டிராக், அதாவது ரீலின் பிரேக், எவ்வளவு இறுக்கம் என்று பலரும் கேட்பார்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு போதும். 30 பவுண்டு நரம்புக்கு 7, 8 பவுண்டு இழுப்பில் ரீல் வழிவிட வேண்டும். கேப்டன் வைத்துக் கொடுத்ததை நடுவில் திருகாதீர்கள். மீன் ஓடும்போது பயந்து டிராக்கை இறுக்குவதால்தான் பல மீன்கள் போகின்றன.

இனி மீனைப் பார்க்கலாம். தண்ணீர் அசையாமல் கிடக்கும் இடத்தில் திடீரென்று ஒரு முதுகு வளைந்து எழுந்து அடங்கும். வெயில் பட்டால் உள்ளங்கை அகலச் செதில்கள் மின்னும். பின்னாலேயே சிறு குமிழிகள் கிளம்பும். அதுதான் காற்று விழுங்க வந்த தார்ப்பன். புரண்ட இடத்தைக் குறிவைக்காதீர்கள், மீன் அங்கே இருக்காது. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து, அந்தத் திசையில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இரையை மெல்ல விழச் செய்யுங்கள். தார்ப்பனின் கீழ்த்தாடை மேல்நோக்கியது. அது கீழிருந்து மேலே பார்த்து விழுங்குகிற மீன். இரை அதன் தலைக்கு மேலே நீந்த வேண்டும், அடியில் கிடக்கக் கூடாது.

மீன் இரையை எடுத்ததும் கை தன்னால் கம்பை வெடுக்கென்று உயர்த்தப் பார்க்கும். வட்ட முள்ளில் அது கூடவே கூடாது. உயர்த்தினால் முள் வாயிலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். கம்பை மீனை நோக்கி நீட்டி, நரம்பு இறுகும் வரை ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். மீன் திரும்பும்போது முள் தானாகத் தாடை ஓரத்தில் போய்க் குத்தும். கனம் தெரிந்த பிறகு கம்பைப் பக்கவாட்டில் வளையுங்கள்.

அடுத்த நொடி மீன் தண்ணீரை விட்டு முழு உடம்போடு எகிறும். தலையை இரண்டு பக்கமும் உதறும். செவுள் மூடிகள் அடித்துக்கொள்ளும் ஓசை படகு வரை கேட்கும். அந்த நேரத்தில் நரம்பு விறைப்பாக இருந்தால் மீனின் மொத்த எடையும் உதறலும் முள்ளின் மேல் விழும். முள் கழன்றுவிடும், இல்லாவிட்டால் நரம்பு அறும். அதனால் மீன் மேலே போகும்போது நீங்கள் கீழே குனிய வேண்டும். இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கம்பு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். மீன் விழுந்ததும் நிமிர்ந்து மறுபடி இழுங்கள். உலகத்துத் தூண்டில்காரர்கள் இதை ராஜாவுக்கு வணக்கம் வைப்பது என்கிறார்கள். புறப்படுவதற்கு முன் படகிலேயே இரண்டு மூன்று முறை வெறும் கம்போடு பழகிப் பார்த்துவிடுங்கள். நேரம் வரும்போது யோசிக்க இடமிருக்காது.

எகிறல் அடங்கியதும் இழுபறி. கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பது படத்துக்கு அழகு, மீனுக்கு ஓய்வு. கம்பைத் தாழ்த்தி, மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் இழுங்கள். அது இடது பக்கம் போனால் நீங்கள் வலது. திசையை மாற்றிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தளரும். மேலே வந்து காற்று குடிக்க விடாதீர்கள்; ஒவ்வொரு மிடறும் அதற்குப் புது பலம். நிறுத்தி மூச்சு வாங்கினால் மீனும் மூச்சு வாங்கும். சீக்கிரம் முடிப்பதுதான் மீனுக்கும் நல்லது.

உப்பங்கழியில் கிடைப்பவற்றில் பல 5 முதல் 15 கிலோ வரையிலான இளசுகள். புதிதாக வருகிறவர்களுக்கு இவைதான் சரியான மீன். 40, 50 கிலோ மீன்களும் அதே தண்ணீரில் உண்டு. உலகச் சாதனை மீன் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் 2003இல் பிடிபட்டது, 286 பவுண்டுக்கும் மேல். பிடித்ததைவிட நழுவவிட்டது அதிகமாகத்தான் இருக்கும். தார்ப்பனில் அது எல்லோருக்கும் உள்ளது. நம் கழிமுகங்களில் வரும் மொரான் கெண்டை இதன் தம்பி முறை. அதைத் தூண்டிலில் பிடித்தவர்களுக்கு அந்த எகிறல் புதிதாக இருக்காது.

மீனை விடும் விதம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தார்ப்பன் சாப்பாட்டு மீன் இல்லை. முள் நிறைந்த சதை. அது 50 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன், பருவத்துக்கு வரவே பல வருடங்கள் ஆகும். நீங்கள் பிடித்த மீன் உங்களைவிட மூத்ததாக இருக்கலாம். அதைச் சரியாக விடத் தெரியாதவர் அதைப் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய மீனைப் படகுக்குள் தூக்காதீர்கள். தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது மிக மோசம். தண்ணீர் தாங்கிய உடம்பு அது, காற்றில் தன் எடையே அதன் உள்ளுறுப்புகளைச் சிதைக்கும். மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், நீங்கள் படகோரமாகக் குனிந்து கீழ்த்தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் முன்கூட்டியே தயாராக நிற்கட்டும். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. உலர்ந்த கையோ துணியோ மேலே பட்டால் வழவழப்புத் தோல் உரிந்து நோய் தொற்றும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள்.

முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறு கூர்முனையை முதலிலேயே இடுக்கியால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு திருப்பில் முள் வந்துவிடும். தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாதீர்கள், லீடரை முள்ளுக்கு அருகே வெட்டிவிடுங்கள். அப்புறம் மீனின் தாடையைப் பிடித்தபடி படகை மெதுவாக முன்னே நகர்த்தச் சொல்லுங்கள். வாய் வழியே தண்ணீர் போய்ச் செவுள் அசையும். வால் பலமாக ஆடத் தொடங்கி, அது தானே உங்கள் கையை உதறும் வரை பிடித்திருங்கள்.

கரையேறியதும் பின்யோனெஸ் சாலையோரக் கடைகளில் சூடாக அல்காபூரியா, பக்கலாயித்தோ பொரித்துத் தருவார்கள். முன்னது நண்டோ இறைச்சியோ வைத்த உருண்டை, பின்னது கருவாட்டு மீன் சேர்த்த மொறுமொறு அடை. சைவக்காரர்களுக்கு வாழைக்காயைத் தட்டிப் பொரித்த தொஸ்தோனெஸ் எங்கும் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: ஆழ்கடல்

குமட்டல் வருமோ என்ற பயம் இருந்தால் முந்தின இரவே மருந்து தொடங்குங்கள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் ஆடத் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டுப் பயன் இல்லை. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். தலை சுற்றினால் கேபினுக்குள் போய்ப் படுக்காமல் பின்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள்.

புறப்படுமுன் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: முதல் மீன் யாருக்கு, அடுத்தது யாருக்கு. மீன் மாட்டிய பிறகு "நீ போ, நான் போறேன்" என்று தடுமாறினால் போச்சு.

இங்கே முறை ட்ரோலிங். படகு ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் நாலைந்து நரம்புகளில் போலி இரைகளோ தைத்த மீன்களோ அலையில் துள்ளிக்கொண்டு வரும். போலி இரை என்றால் 7 முதல் 9 நாட் வேகம், இயற்கை இரை என்றால் கொஞ்சம் மெதுவாக. பக்கங்களுக்கு நீளும் கொம்புகள் நரம்புகளைப் பின்னாமல் பிரித்து வைக்கும். இந்த நேரத்தில் உங்கள் வேலை கண்ணைத் திறந்து வைத்திருப்பது. பிரிகேட் பறவை ஒரே இடத்தில் வட்டமிட்டுத் தாழ்ந்தால் அடியில் மீன் இருக்கிறது. சர்காசம் கடற்பாசி வரிசையாக மிதந்தால், அல்லது ஒரு மரக்கட்டை மிதந்தால், அதன் நிழலில் டொராடோ நிற்கும். பார்த்ததும் கேப்டனிடம் சத்தம் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

டொராடோ மாட்டினால் படகே கலகலப்பாகிவிடும். தண்ணீருக்குள் பச்சையும் தங்கமும் நீலமுமாக ஜொலிக்கும். முதல் மீனைப் படகருகே தண்ணீரிலேயே வைத்திருக்கச் சொல்வார்கள், அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். அது இருக்கும் வரை கூட்டம் கலையாது, மற்றவர்களும் தூண்டில் போடலாம்.

மார்லின் வேறு. சில சமயம் இரைக்குப் பின்னால் கறுத்த நிழல் எழும், கொம்பு மூக்கால் ஒரு அடி அடிக்கும். சில சமயம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ரீல் கதறும். மேட் சொல்லும் வரை கம்பைத் தொடாதீர்கள். முள் பதிந்ததும் நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பைக் கொடுப்பார்கள். முதல் ஓட்டத்தில் பல நூறு மீட்டர் நரம்பு போகும். ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஓட்டம் நின்றதும் கம்பை மெல்ல உயர்த்துங்கள், தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள், மறுபடி உயர்த்துங்கள். கையால் இழுக்காமல் காலை ஊன்றி உடம்பால் இழுத்தால் அரை மணி நேரம் தாங்கலாம். கையால் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் போய்விடும். 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீனோடு போராடும்போது வேறொருவர் கம்பையோ நரம்பையோ தொட்டால் அது சாதனைக் கணக்கில் வராது. சாதனை நோக்கம் இல்லாவிட்டாலும் அந்த விதியைக் கடைப்பிடித்துப் பாருங்கள். மீன் முழுக்க உங்களுடையதாக இருக்கும்.

மிகப் பெரிய நீல மார்லின்கள் எல்லாம் பெண்கள். ஆண் மார்லின் 150 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஒரு பெரிய மீனைக் கொன்று தொங்கவிடுவது என்பது முட்டையிடும் ஒரு தாயைக் கொல்வது. படகோரம் வந்ததும் மேட் லீடரைப் பிடிப்பார். அத்தோடு உங்கள் பக்கம் முடிந்தது. முள்ளை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சட்டம்

போர்ட்டோ ரிக்கோவின் சொந்தக் கடல் 9 கடல் மைல் வரை. அதற்கு அப்பால் அமெரிக்க மத்திய அரசின் விதிகள். மார்லின் போன்ற பெரிய மீன்களுக்குத் தனி அனுமதி வேண்டும். வாடகைப் படகில் போனால் அது படகின் பொறுப்பு. நண்பரின் சொந்தப் படகில் போனால் அனுமதி எடுத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நீல மார்லினை வைத்துக்கொள்ள வேண்டுமானால் கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவடு வரை குறைந்தது 99 அங்குலம் இருக்க வேண்டும். வெள்ளை மார்லின் 66, மயில் மீன் 63. அட்லாண்டிக் பக்கம் அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து ஒரு வருடத்தில் கரைக்குக் கொண்டுவரக்கூடிய மார்லின்கள் மொத்தம் 250 மட்டுமே. விடுகிற மீனைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காமல்தான் விட வேண்டும். விற்கவும் முடியாது. பாறைப் பகுதிகளில் நாசாவு களவா, கோலியாத் களவா இரண்டும் பாதுகாக்கப்பட்டவை. மாட்டினால் அப்போதே விட்டுவிட வேண்டும். டொராடோ, வாகூ போன்றவற்றின் அளவும் எண்ணிக்கையும் மாறக்கூடியவை. போகிற வாரம் கேப்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைச் சாப்பிடலாம்

டொராடோ, வாகூ, சூரை தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பிடித்த நிமிடமே ஐஸுக்குள் போக வேண்டும். வெயிலில் கிடந்த சூரையிலும் டொராடோவிலும் ஹிஸ்டமின் சேரும். அப்புறம் எவ்வளவு சமைத்தாலும் போகாது, முகம் சிவந்து தலை வலிக்கும்.

சீலாவைத் தொடாதீர்கள். நம் ஊரில் குழம்புக்கு அருமையான மீன். கரீபியனில் அது சிகுவாடெரா நஞ்சுக்குப் பேர் போனது. பாறைகளில் வளரும் நுண்ணுயிரி ஒன்றின் நஞ்சு சிறு மீன்களிலிருந்து பெரிய மீன்களுக்கு ஏறி ஏறிச் சேரும். மீனைப் பார்த்தாலோ முகர்ந்தாலோ தெரியாது. கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும் அழியாது. வாந்தி, பேதி, விரல் மரத்துப்போதல், குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவது போலத் தோன்றுதல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். பாறையோரம் பிடித்த பெரிய களவாவையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் கையில் இருந்தால்

கிழக்கே குலேப்ரா தீவுக்குப் போங்கள். செய்பாவிலிருந்து கப்பல் உண்டு, சிறு விமானமும் உண்டு. அங்கே முழங்கால் ஆழத் தெளிந்த நீரில் போன்ஃபிஷ். எடை ஒன்றிரண்டு கிலோதான், ஆனால் ஓடும் வேகத்துக்கு ஈடு கிடையாது. பூச்சி போன்ற லேசான போலி இரையை வீசும் ஃப்ளை கம்பில் 7 அல்லது 8 எண் போதும். போர்ட்டோ ரிக்கோவில் கடல் ஏற்றவற்றம் ஒரு அடிதான் இருக்கும். ஆகவே அதைவிட வெளிச்சமே முக்கியம். சூரியன் எழுந்த முதல் மணி நேரத்தில், மண்ணைக் கிளறும் மீனின் வால் நுனி தண்ணீருக்கு மேலே தெரியும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி உரசி நடங்கள். திருக்கை இருந்தால் விலகிப் போய்விடும்.

லூயிஸ் பென்யா கால்வாய் 1999 முதல் மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதி, அங்கே தூண்டில் போடக் கூடாது. இன்னொன்று, 1975 வரை அமெரிக்கக் கடற்படை குலேப்ராவில் குண்டுவீச்சுப் பயிற்சி நடத்தியது. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கின்றன. துருப்பிடித்த உலோகத் துண்டு எதையும் எடுக்காதீர்கள், மிதிக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள். திரும்பும் கப்பல் டிக்கெட்டைப் போகும்போதே வாங்கிவிடுங்கள். வார இறுதியில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.